புதுநன்மைக்குத் தயாராகும் மகன் ஷூ லேஸ் கட்ட அம்மாவைத் தேடுகிறான்

கேள்வி: என் மகனுக்கு 8 வயது. கத்தோலிக்கத் தொடக்கப் பள்ளியில் 3-ஆம் வகுப்பு படிக்கிறான். இந்த ஆண்டு அவனுக்கு முதல் பாவசங்கீர்த்தனமும் (குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறுவது) புதுநன்மையும் (முதன்முறை நற்கருணை பெறுவது). காலையில் எழுப்புவது, பை அடுக்குவது, ஷூ லேஸ் கட்டுவது எல்லாம் நான்தான். நோட்டை மறந்தால் பள்ளிக்கே கொண்டுபோய்க் கொடுப்பேன். பென்சில் சீவக்கூட அனுமதி கேட்டு நிற்கிறான் என்கிறார் வகுப்பாசிரியையான சிஸ்டர். விளையாட்டில் தோற்றால் ஒரே அழுகை. உடன் படிக்கும் இரண்டு பையன்கள் அவனை ஆட்டத்தில் சேர்ப்பதில்லை, பொருள்களைப் பிடுங்கிக்கொள்கிறார்கள். "மன்னித்துவிடு, இயேசு அப்படித்தான் சொன்னார்" என்று சொல்லி அனுப்புகிறோம். அந்தப் பையன்களின் பெற்றோரை ஞாயிறுதோறும் கோவிலில் பார்க்கிறோம், அவர்களிடம் எப்படிப் பேசுவது? கொஞ்ச நாளாக இரவானால் "இது பாவமா, அது பாவமா" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான். கணவர் எங்கள் கோவில் வட்டாரத்தின் ஆலோசனைக் குழுவான பங்குப் பேரவையில் இருக்கிறார், நான் மறைக்கல்வி வகுப்பு எடுக்கிறேன். கீழ்ப்படியச் சொல்லி வளர்த்த பிள்ளையை இப்போது தனியாக நில் என்றால் அடங்காமல் போய்விடுவான் என்கிறார் மாமியார். எனக்கும் அதே பயம்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். மற்ற எல்லாக் கேள்விகளும் அந்தப் பயத்தில்தான் சிக்கிக் கிடக்கின்றன. கீழ்ப்படிதலும் சொந்தக் காலில் நிற்பதும் ஒன்றுக்கொன்று பகை என்று நினைக்கிறீர்கள். இந்த ஆண்டு உங்கள் மகன் செய்யப்போவதைச் சற்று எண்ணிப் பாருங்கள். அம்மாவின் துணை இல்லாமல் ஒரு குருவிடம் தனியாகப் போவான். நடந்தவற்றைத் தானே நினைத்துப் பார்த்து, "நான் இதைச் செய்தேன்" என்று தன் வாயால் சொல்வான். அடுத்தவன்மேல் பழி போடாமல் வருந்துவான், பரிகாரத்தை ஏற்றுக்கொள்வான், மறுபடி முயல எழுந்து வருவான். பெரியவர்களுக்கே கடினமான இந்த வேலையைத் திருச்சபை 8 வயதுப் பிள்ளையை நம்பி ஒப்படைக்கிறது. 7 வயது நிறைந்தவரைப் பகுத்தறியத் தெரிந்தவராகவே கருத வேண்டும் என்று திருச்சபைச் சட்டம் சொல்கிறது. 10, 12, சில இடங்களில் 14 வயது வரைகூடப் பிள்ளைகளைப் புதுநன்மைக்குக் காக்க வைத்த வழக்கத்தை 1910-ல் மாற்றியவர் திருத்தந்தை பத்தாம் பயஸ். பிள்ளையின் சிறிய அறிவுக்கு எட்டிய அளவு போதும் என்பதுதான் அவர் நிலை.

பாவசங்கீர்த்தனத்தில் தனியாக நிற்க வேண்டிய இந்தப் பிள்ளைக்கு, பை அடுக்குவதில்கூடத் தனியாக நின்று பழக்கமில்லை. தான் செய்த தவறு எங்கே போய் முடிகிறது என்று அவன் ஒருமுறைகூட முழுதாகப் பார்த்ததில்லை. மறந்த நோட்டு கொஞ்ச நேரத்தில் வகுப்பு வாசலுக்கு வந்துவிடுகிறது.

சிறிய அமைப்பு தானே செய்யக்கூடியதைப் பெரிய அமைப்பு எடுத்துக்கொள்ளக் கூடாது, கைகொடுக்க மட்டும் வேண்டும் என்று 1931-ல் திருத்தந்தை பதினோராம் பயஸ் ஒரு சமூக நெறியை வகுத்துச் சொன்னார். அரசையும் சமூகத்தையும் பற்றிய பேச்சு அது. வீட்டுக்கும் அது அப்படியே பொருந்தும் என்பது என் எண்ணம். ஒவ்வொரு முறையும் மகனுக்கு உதவக் கை நீளும்போது, "இதை அவனால் செய்ய முடியுமா? பாதியாவது முடியுமா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். முடியும் என்றால் கையை எடுத்துவிடுங்கள். பாதி முடியும் என்றால் மறுபாதிக்கு மட்டும் உதவுங்கள்.

நோட்டைக் கொண்டுபோய்க் கொடுக்கும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால், நிறுத்துவது சுலபமாகும். நோட்டு இல்லை என்று தெரிந்ததும் அவனுக்குப் பதற்றம் ஏறுகிறது. நீங்கள் வந்ததும் சட்டென்று இறங்கிவிடுகிறது. "அம்மா வந்ததால் தப்பித்தேன்" என்பதை அவன் மனம் பதிந்துகொள்கிறது. "நோட்டு இல்லாமலும் அந்த ஒரு மணி நேரத்தைச் சமாளிக்க முடிந்தது" என்பதைப் பதிய வாய்ப்பே கிடைப்பதில்லை. அடுத்த முறை பதற்றம் முன்னைவிடச் சீக்கிரம் ஏறும். பென்சில் சீவ அனுமதி கேட்பதும், இரவில் பாவமா என்று கேட்பதும் இதே வேரில் முளைத்தவை. தன் தீர்ப்பின்மேல் நம்பிக்கை இல்லாத பிள்ளை, ஒவ்வொரு அடிக்கும் பெரியவர் முகத்தைப் பார்க்கும்.

எல்லாவற்றையும் ஒரே திங்கட்கிழமை மாற்றிவிட வேண்டாம். ஒன்றை எடுத்து இரண்டு வாரம் அதில் மட்டும் நில்லுங்கள். பை அடுக்குவதிலிருந்து தொடங்குவது நல்லது. தினமும் வரும் வேலை அது, ஆபத்து இல்லாதது, முடிந்ததா இல்லையா என்பது கண்ணுக்குத் தெரியும்.

பை அடுக்கும் நேரம் மாலை. வீட்டுப்பாடம் முடிந்த கையோடு, விளையாடப் போகும் முன் 10 நிமிடம் ஒதுக்குங்கள். காலையில் வைத்தால் தோற்றுப்போகும், அவசரத்தில் உங்கள் கைதான் முந்தும். பைக்கு வீட்டில் ஒரே இடம் வேண்டும், அதன் பக்கச் சுவரில் அவன் கண் உயரத்தில் ஒரு அட்டை. அட்டையில் ஐந்து வரிக்கு மேல் வேண்டாம்: நாளைய பாடவேளைப்படி நோட்டுகள், டைரி, பென்சில் பெட்டி, தண்ணீர் பாட்டில், நாளைக்கு மட்டும் தேவைப்படும் சிறப்புப் பொருள். அதை அவனே எழுதி, அவனே படம் வரையட்டும். நீங்கள் அழகாக எழுதி ஒட்டினால் அது உங்கள் அட்டையாகிவிடும், அவன் திரும்பிப் பார்க்கமாட்டான். முதல் மூன்று நாள் பக்கத்தில் உட்காருங்கள், வாயால் மட்டும் கேளுங்கள்: "அட்டையில் அடுத்து என்ன?" நான்காம் நாளிலிருந்து அதே அறையில் வேறு வேலை பாருங்கள். இரண்டாம் வாரம் அவன் முடித்துவிட்டு வந்து சொன்னால் போதும்.

இதில் பெரும்பாலும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. பிள்ளை தூங்கியதும் அம்மா பையைத் திறந்து பார்த்து, விட்டுப்போனதை வைத்துவிடுவார். பிள்ளைக்கு இது இரண்டே நாளில் தெரிந்துவிடும். அதன்பின் அவன் அடுக்குவது வெறும் நடிப்பு. திறந்து பார்க்காதீர்கள். மூக்குக்கண்ணாடி, மூச்சிழுப்பு மருந்து, சாப்பாடு ஆகியவை மட்டும் விதிவிலக்கு. உடல்நலத்தைத் தொடும் பொருள் மறந்துபோனால் தயங்காமல் கொண்டுபோய்க் கொடுங்கள். நோட்டு, வண்ணப் பென்சில், கைவினைத்தாள் என்றால் வேண்டாம்.

மறந்த நாளுக்கு முன்கூட்டியே ஒரு வாக்கியம் பழக்கி வையுங்கள்: "சிஸ்டர், கணக்கு நோட்டை மறந்துவிட்டேன். இன்று தாளில் எழுதி, நாளை நோட்டில் ஒட்டிக்கொள்ளட்டுமா?" தவறு, தீர்வு இரண்டும் அதில் இருக்கின்றன. வீட்டில் நீங்கள் சிஸ்டராக நின்று மூன்று நான்கு தரம் சொல்லவையுங்கள். அவன் மறந்து வந்த மாலை "நான்தான் அப்போதே சொன்னேனே" என்று மட்டும் சொல்லாதீர்கள். "நோட்டு இல்லாதபோது என்ன செய்தாய்?" என்று கேளுங்கள். தவறின் விளைவு ஏற்கெனவே பாடம் சொல்லிவிட்டது. உங்கள் திட்டும் சேர்ந்தால், அவன் கவனம் விளைவிலிருந்து உங்கள் கோபத்துக்குத் தாவிவிடும்.

முதல் ஓரிரு வாரம் நிலைமை மோசமாவதுபோல் தெரியும். அழுகை கூடும், "உனக்கு என்மேல் பாசமே இல்லை" என்பான். வழக்கமான உதவி நின்றதும், பழைய முறை இன்னும் பலிக்கிறதா என்று பிள்ளை கூடுதல் வேகத்தில் சோதித்துப் பார்க்கும். ஐந்தாம் நாள் மனம் இளகி ஒருமுறை கொண்டுபோய்க் கொடுத்தால், இன்னும் பலமாக அழுதால் பலிக்கும் என்று கற்றுக்கொள்வான். தொடங்கும் முன் கணவரோடும் மாமியாரோடும் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

மாமியாரிடம் "நீங்கள் செல்லம் கொடுக்கிறீர்கள்" என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். அவருக்கு ஒரு பொறுப்பு கொடுங்கள். பை அடுக்கி முடித்ததும் பாட்டியிடம் போய்க் காட்ட வேண்டும், பாட்டி பார்த்துவிட்டு "நீயே செய்தாயா!" என்று சொல்ல வேண்டும். பேரனுக்காகச் செய்து காட்டிய பாசம், அவன் செய்வதைப் பார்த்து மகிழும் பாசமாக மாற அவருக்கும் ஒரு வழி வேண்டும் அல்லவா?

ஷூ லேஸைப் பின்னிருந்து முன்னாகக் கற்றுக்கொடுங்கள். முடிச்சை நீங்களே போட்டு, இரண்டு வளையங்களையும் இழுத்து இறுக்கும் கடைசி அசைவை மட்டும் அவனிடம் விடுங்கள். அது மூன்று நாள் சரியாக வந்தால், கடைசி இரண்டு அசைவுகள். இப்படியே முதல் முடிச்சு வரை வாருங்கள். ஒவ்வொரு முறையும் வேலையை முடித்தவன் அவனாகவே இருப்பான், அதனால் சலிக்கமாட்டான். எதிரே உட்கார்ந்து காட்டினால் இடமும் வலமும் மாறிக் குழம்புவான், பக்கத்தில் அவன் பார்க்கும் திசையையே பார்த்து உட்காருங்கள். உருண்டை லேஸ் வழுக்கும். தட்டை லேஸ், அதுவும் இரு பக்கமும் வேறு வேறு நிறமாக இருந்தால் எளிது. மாலையில் பழக்குங்கள், காலையில் வேண்டாம். பல வாரம் பழகியும் லேஸ், பொத்தான், பென்சில் பிடிப்பு எல்லாமே தடுமாறினால், கைத்திறன் வளர்ச்சியை ஒரு குழந்தை மருத்துவரிடம் பரிசோதித்துக்கொள்வது நல்லது.

இனி சிஸ்டரிடம் பேசுவது. திருப்பலி முடிந்து கோவில் வாசலில் நின்று பேசாதீர்கள். அங்கே நீங்கள் மறைக்கல்வி ஆசிரியை, அவர் துறவி, சுற்றிலும் தெரிந்த முகங்கள். இருவராலும் மனதில் இருப்பதைச் சொல்ல முடியாது. பள்ளி நேரத்தில் 15 நிமிடம் கேட்டு வாங்கிக்கொண்டு, மாணவனின் தாயாக மட்டும் போங்கள். கேட்க வேண்டியவை மூன்று. முதலாவது, நோட்டு மறந்து வந்தால் வகுப்பில் வழக்கமான விளைவு எதுவோ அதை அவனுக்கும் கொடுக்கட்டும், கூடுதலாகவும் வேண்டாம், குறைவாகவும் வேண்டாம். இரண்டாவது, எதற்கு அனுமதி தேவையில்லை என்பதை அவனிடம் பெயர் சொல்லித் தெளிவாக்கட்டும்: பென்சில் சீவுவது, தண்ணீர் குடிப்பது, அடுத்த பக்கம் திருப்புவது. பாடத்தில் புரியாதது இருந்தால் முதலில் கேள்வியை மறுபடி படிப்பது, பிறகு பக்கத்து மாணவரைக் கேட்பது, அதன்பிறகே சிஸ்டரிடம் வருவது. கழிப்பறைக்கும் உடல்நலக் குறைவுக்கும் எப்போதும் நேரே சிஸ்டரிடம்.

மூன்றாவது, அவன் கேள்வி கேட்டதும் உடனே பதில் தராமல் கொஞ்சம் காத்திருக்கச் சொல்லுங்கள். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக 1 நொடிதான் காத்திருக்கிறார்கள், அதை 3 நொடியாக்கினாலே மாணவர்களின் பதில் நீளமாகவும் தெளிவாகவும் வருகிறது என்று கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களில் காட்டினார். வீட்டிலும் இதைச் செய்யுங்கள். "அம்மா, நீலச் சட்டையா வெள்ளைச் சட்டையா?" என்றால், மனதுக்குள் மூன்று எண்ணிவிட்டு, "நீ என்ன நினைக்கிறாய்?" என்று கேளுங்கள். அவன் எதைச் சொன்னாலும் சரி என்று ஏற்றுக்கொள்ளக்கூடிய விஷயங்களில் மட்டும் இப்படிக் கேளுங்கள். கேட்டுவிட்டு மறுத்தால், கேட்காமல் இருந்ததைவிட மோசம்.

கீழ்ப்படிதல் எங்கே போனது என்று மாமியார் கேட்டால், அது இருக்கிறது என்று சொல்லுங்கள். சாலையைக் கடப்பது, தூங்கும் நேரம், திருப்பலிக்குப் போவது, பிறரை அடிக்கக் கூடாது என்பது ஆகியவை பேரத்துக்கு உரியவை அல்ல. எந்தச் சட்டை, எந்தப் பாடம் முதலில், உயிர்ப்பு விழாவுக்கு முந்தைய தவக்காலத்தில் எதை விட்டுக்கொடுப்பது என்பவை அவன் கையில். தவக்காலத்தை நான் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. "இனிப்பை விடு" என்று நாம் சொல்லி அவன் விட்டால் அது நமது ஒறுத்தல். அவனே ஒன்றைத் தேர்ந்தெடுத்து, பத்தாம் நாள் தவறி, மறுநாள் மறுபடி தொடங்குவதில்தான் மனவுறுதி வளர்கிறது. தவறிய அன்று "விட்டுவிட்டாயா?" என்று கேட்காமல், "நாளைக்கு எப்படித் தொடர்வாய்?" என்று கேளுங்கள்.

தோல்விக்கும் பயிற்சி வேண்டும். பகடை உருட்டும் ஆட்டங்களில் தொடங்குங்கள். அதிர்ஷ்டத்தால் தோற்பது திறமையால் தோற்பதைவிடக் குறைவாகவே வலிக்கும். ஓர் ஆட்டம் 10 நிமிடத்துக்குள் முடிய வேண்டும். தொடங்கும் முன்பே "தோற்றால் என்ன சொல்லலாம்?" என்று பேசி ஒரு வாக்கியத்தை அவனே முடிவு செய்யட்டும். அழுதால் பக்கத்தில் இருங்கள், ஆட்டத்தைத் திருப்பி ஆடாதீர்கள், முடிவை மாற்றாதீர்கள். அவனுக்குத் தெரியாமல் விட்டுக்கொடுத்து ஜெயிக்கவைப்பது வேண்டவே வேண்டாம். திறமை ஆட்டம் என்றால், "உனக்கு முதலிலேயே ஐந்து புள்ளி தருகிறேன்" என்று வெளிப்படையாகச் சலுகை கொடுங்கள்.

அந்த இரண்டு பையன்கள் விஷயத்தில் உங்களோடு கொஞ்சம் உறுதியாகப் பேச வேண்டியிருக்கிறது. "மன்னித்துவிடு" என்று மட்டும் சொல்லி அனுப்புவது அவனைக் கையில் ஒன்றும் இல்லாமல் அனுப்புவதாகும். மத்தேயு நற்செய்தி 18-ஆம் அதிகாரத்தில்தான் எழுபது தடவை ஏழு முறை மன்னிக்கும்படி இயேசு பேதுருவிடம் சொல்கிறார். அதே அதிகாரத்தில், அதற்குச் சற்று முன்னால், உன் சகோதரன் உனக்கு எதிராகத் தவறு செய்தால் என்ன செய்ய வேண்டும் என்று படிப்படியாகச் சொல்லியிருக்கிறார்: முதலில் தனியாகப் போய் அவனிடம் சொல், கேட்காவிட்டால் ஒருவரையோ இருவரையோ கூட்டிக்கொண்டு போ, அப்போதும் கேட்காவிட்டால் சபையிடம் சொல். மறைக்கல்வி எடுக்கும் உங்களுக்கு இது தெரிந்த பகுதிதான். மன்னிப்பு வேண்டும். அதோடு தவறை முகத்துக்கு நேரே சொல்வதும், நிற்காவிட்டால் பெரியவரிடம் கொண்டுபோவதும் வேண்டும்.

8 வயதுக்கு அதை இப்படி மாற்றிக்கொடுக்கலாம். முதல் படி, நிமிர்ந்து நின்று, ஓர் அடி தள்ளி, சாதாரணக் குரலில்: "அது என் ரப்பர். திருப்பிக் கொடு." அழாமல், கத்தாமல், காரணம் விளக்காமல் ஒரே ஒருமுறை. வீட்டில் கண்ணாடி முன் பழகட்டும், கணவர் அந்தப் பையனாக நடிக்கட்டும், மூன்றாம் தரம் கொஞ்சம் சீண்டியும் பார்க்கட்டும். இரண்டாம் படி, ஒரு நண்பனோடு போய் அதையே சொல்வது. நண்பன் இல்லையென்றால் அதைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும். வகுப்பில் அமைதியான ஒரு பிள்ளையை விடுமுறை நாளில் 2 மணி நேரம் வீட்டுக்கு விளையாட அழையுங்கள், ஒருவர் மட்டும் போதும். மூவர் வந்தால் இருவர் சேர்ந்து ஒருவரை விட்டுவிடுவார்கள். மூன்றாம் படி, சிஸ்டரிடம் சொல்வது. ஒருவனை மாட்டிவிடச் சொன்னால் அது கோள், தனக்கோ பிறருக்கோ நடக்கும் தொல்லையை நிறுத்தச் சொன்னால் அது உதவி கேட்பது என்று அவனுக்குப் புரியவையுங்கள். அடி, மிரட்டல், உடலைத் தொடும் சீண்டல் என்றால் முதல் இரண்டு படிகள் கிடையாது, நேரே பெரியவரிடம்.

சாதாரணச் சண்டைக்கும் கொடுமைக்கும் வேறுபாடு உண்டு. இருவரும் சம பலத்தில் மோதி மறுநாள் சேர்ந்து ஆடினால் அது சண்டை. ஒரே பிள்ளையைக் குறிவைத்து, பலம் மிகுந்தவர்கள், வேண்டுமென்றே, திரும்பத் திரும்பச் செய்தால் அது கொடுமை. உங்கள் கடிதத்தில் இருவர் ஒருவனைத் தொடர்ந்து ஒதுக்குகிறார்கள், பிடுங்குகிறார்கள். இது இரண்டாம் வகைப் பக்கம் சாய்கிறது. 8 வயதுப் பிள்ளை தனியாகத் தீர்க்க வேண்டியது அல்ல இது. ஒரு நோட்டில் தேதி, இடம், நடந்தது, யார் பார்த்தார்கள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதி வையுங்கள். அதை வைத்துச் சிஸ்டரிடமும், இரண்டு வாரத்தில் மாற்றமில்லை என்றால் தலைமையாசிரியரிடமும் எழுத்தில் கொடுங்கள்.

அந்தப் பெற்றோர்களிடம் நீங்களாகப் பேசாதீர்கள், வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் எழுதவே எழுதாதீர்கள். ஒரே பள்ளி, ஒரே பங்கு என்று இருக்கும் இடத்தில் பிள்ளைகள் சண்டை ஒரே ஞாயிற்றுக்கிழமையில் இரண்டு குடும்பங்களின் சண்டையாகிவிடும். பிள்ளைகள் அடுத்த வாரமே சமாதானமாகியிருப்பார்கள், பெரியவர்கள் ஆண்டுக்கணக்கில் முகம் பார்க்கமாட்டார்கள். பள்ளி நடுவில் நின்று தீர்க்கட்டும். கோவிலில் அவர்களைப் பார்த்தால் வழக்கம்போல வணக்கம் சொல்லுங்கள், மகன் அதையும் கவனிப்பான்.

இப்படி நெருக்கமான சமூகத்தின் தொல்லையை அனுபவிக்கும் நீங்கள், அதன் பலத்தையும் எடுத்துக்கொள்ள வேண்டும். ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் 1955-ல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற உளவியலாளர் நடுவயது வரை தொடர்ந்து ஆராய்ந்தார். வறுமை, குடும்பச் சிக்கல் எனப் பல நெருக்கடிகளுக்கு நடுவே வளர்ந்தவர்களிலும் சுமார் மூன்றில் ஒரு பங்கினர் திறமையும் அக்கறையும் உள்ளவர்களாக வளர்ந்திருந்தார்கள். அவர்களுக்குத் துணையாக இருந்தவை என்று அவர் கண்டவற்றில் சில: பெற்றோருக்கு அப்பாலும் நம்பத்தக்க ஒரு பெரியவர், நம்பிக்கை தந்த சமய வாழ்வு, வீட்டிலோ வெளியிலோ உண்மையாகவே தேவைப்பட்ட ஒரு பொறுப்பு.

பொறுப்பு உண்மையானதாக இருக்க வேண்டும். அவன் செய்யாவிட்டால் அந்த வேலை நடக்காமல் கிடக்க வேண்டும். வகுப்பறைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, 1-ஆம் வகுப்புப் பிள்ளை ஒன்றை நூலகத்துக்கு அழைத்துப்போவது, கோவிலில் பாட்டுப் புத்தகங்களை எடுத்து அடுக்குவது. புதுநன்மைக்குப் பிறகு, அவன் விரும்பினால் மட்டும், திருப்பலியில் குருவுக்கு உதவும் பீடச் சிறுவர் குழு. அங்கே தவறான நேரத்தில் மணி அடித்துவிட்டாலும் திருப்பலி தொடர்ந்து நடக்கும் என்று கற்றுக்கொள்வது அவனைப் போன்ற பிள்ளைக்கு மிகவும் நல்லது. நம்பத்தக்க பெரியவர் என்றதும் ஞானத்தந்தை, ஞானத்தாய் நினைவுக்கு வர வேண்டும். நம்மில் பலர் அவர்களைத் திருமுழுக்கு நாளோடு மறந்துவிடுகிறோம். மாதம் ஒருமுறையாவது அவர்களோடு பேசவும் வெளியே போகவும் பழக்குங்கள்.

லூக்கா நற்செய்தியில் 12 வயது இயேசு எருசலேமில் தங்கிவிட்ட நிகழ்வில், பயணக் கூட்டத்தில்தான் இருப்பான் என்று எண்ணி மரியாவும் யோசேப்பும் ஒரு நாள் வழி நடந்துவிடுகிறார்கள். உறவினரையும் தெரிந்தவரையும் நம்பி மகனை விட்டிருந்த பெற்றோர் அவர்கள். கண்டுபிடித்ததும் தாய் தன் வேதனையை மறைக்கவில்லை, ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டார். புரியாத பதில் வந்தபோதும் அதை மனதில் வைத்துக்கொண்டார். மகன் வீட்டுக்குத் திரும்பி அவர்களுக்குக் கீழ்ப்படிந்து நடந்தார். மாமியாரோடு சேர்ந்து அந்தப் பகுதியை ஒருமுறை வாசியுங்கள்.

இரவுக் கேள்விகள்தான் எனக்கு அதிகக் கவலை தருகின்றன. வீட்டில் "சாமி தண்டிக்கும்", "நீ இப்படிச் செய்தால் இயேசு அழுவார்" போன்ற பேச்சு இருந்தால் இன்றே நிறுத்துங்கள், பாட்டியும் நிறுத்தட்டும். பயமுள்ள பிள்ளைக்கு அது நல்லொழுக்கம் தராது, தூக்கத்தைத்தான் கெடுக்கும். மிகக் கடுமையான பாவமான சாவான பாவத்துக்குக் கனமான விஷயம், முழு அறிவு, முழுச் சம்மதம் மூன்றும் வேண்டும் என்று மறைக்கல்வியில் சொல்லித்தருகிறீர்கள். அதன் பிள்ளை வடிவத்தை அவனுக்குக் கொடுங்கள்: தெரிந்து செய்தேனா? வேண்டுமென்றே செய்தேனா? தண்ணீர் கைதவறிக் கொட்டியது பாவம் இல்லை. நோட்டு மறந்ததும் இல்லை. கோபம் தானாக வந்ததும் பாவம் இல்லை, வந்த கோபத்தில் தம்பியை அடித்தால் அது வேறு. இந்த இரண்டு கேள்விகளை அவனே கேட்டு அவனே பதில் சொல்லப் பழகட்டும்.

ஒரே சந்தேகத்துக்கு ஒருமுறை மட்டும் பதில் சொல்லுங்கள். இரண்டாம் முறை கேட்டால், "இதற்கு உனக்கே பதில் தெரியும். என்ன அது?" மூன்றாம் முறை, "இது உன் கவலை பேசுவது. இப்போது நாம் தூங்கலாம்." ஒவ்வொரு முறையும் "இல்லை கண்ணா, பாவம் இல்லை" என்று சமாதானம் சொன்னால், நோட்டைக் கொண்டுபோய்க் கொடுத்த கதைதான். நிம்மதி சில நிமிடம் நிற்கும், கேள்வி பெருகும்.

அன்றைய நாளைத் திரும்பிப் பார்க்கும் இரவு ஆன்ம சோதனையை 3 நிமிடத்துக்குள் வையுங்கள். இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் கற்பித்த முறையைப் போல நன்றியில் தொடங்குங்கள்: இன்று நடந்த நல்லது இரண்டு. பிறகு வருத்தம் தந்தது ஒன்று மட்டும். அதைச் சரிசெய்ய நாளை என்ன செய்யலாம் என்று ஒரு சிறு செயல். நற்செய்தியில் வரும் வரிதண்டுபவர் சக்கேயு, ஏமாற்றியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொன்னாரே, அதைச் சொல்லிக்கொடுங்கள். தவறு செய்தவன் அதை ஈடுசெய்ய முடியும் என்று தெரிந்த பிள்ளைக்குக் குற்றவுணர்வு சுமையாகாது.

முதல் பாவசங்கீர்த்தனத்துக்கு முந்தின வாரம், குருவின் அனுமதியோடு அந்த இடத்தைக் காட்டி, எங்கே உட்கார வேண்டும், முதலில் என்ன சொல்ல வேண்டும் என்று பழக்குங்கள். வார்த்தை மறந்தால் "மறந்துவிட்டேன் ஃபாதர், உதவி செய்யுங்கள்" என்று சொல்லலாம் என்பதையும் சேர்த்து. பாவப் பட்டியலை நீங்கள் எழுதித் தராதீர்கள். முடித்து வந்ததும் என்ன சொன்னாய் என்று கேட்காதீர்கள். அதே நேரத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லி வையுங்கள்: ரகசியம் காக்கும் கடமை குருவுக்கு உரியது, பிள்ளைக்குக் கிடையாது. அங்கே நடந்த எதையும் அவன் விரும்பினால் உங்களிடம் சொல்லலாம். ஆசிரியரோ, குருவோ, சிஸ்டரோ, உறவினரோ, யார் "இதை அம்மாவிடம் சொல்லாதே" என்றாலும் அதை அம்மாவிடம்தான் முதலில் சொல்ல வேண்டும். பெரியவர் தொடுவதோ பேசுவதோ சங்கடம் தந்தால் "வேண்டாம்" என்று சொல்லி விலகி வரலாம், அது கீழ்ப்படியாமை ஆகாது. பள்ளியின் குழந்தைப் பாதுகாப்பு விதிமுறையைக் கேட்டு வாங்கி வாசியுங்கள், புகாரை யாரிடம் கொடுக்க வேண்டும் என்பது அதில் இருக்க வேண்டும். வீட்டில் எல்லாவற்றுக்கும் தலையாட்டப் பழகிய பிள்ளைக்கு இந்த "வேண்டாம்" வாயில் வராது. சட்டை நிறத்தில் சொந்தமாக முடிவெடுக்க விடச் சொன்னேனே, அதற்கு இதுவும் ஒரு காரணம்.

மேலே சொன்னவற்றை 6 முதல் 8 வாரம் செய்து பாருங்கள். அதற்குள்ளும் காத்திருக்கக் கூடாத சில அடையாளங்கள் உண்டு. பள்ளி நாள் காலையில் மட்டும் வயிற்றுவலி அல்லது வாந்தி, பள்ளிக்குப் போக மறுப்பது, நின்றிருந்த படுக்கை ஈரம் திரும்பி வருவது, எடை குறைவது, உடலில் காரணம் தெரியாத காயம், "நான் இல்லாமல் போனால் நல்லது" என்பது போன்ற பேச்சு. இவற்றில் ஒன்று இருந்தாலும் குழந்தை மருத்துவரையோ குழந்தை உளவியலாளரையோ உடனே பாருங்கள். பாவமா என்ற கேள்வி 4 வாரத்துக்கு மேல் நீடித்தாலும், செபத்தை "சரியாகச் சொல்லவில்லை" என்று திரும்பத் திரும்பத் தொடங்கினாலும், கை கழுவுவதுபோல் ஒன்றையே பலமுறை செய்தாலும், அது பக்தி மிகுதி அல்ல. பதற்ற நோயாக இருக்கலாம், அதற்குப் பலன் தரும் சிகிச்சை இருக்கிறது. அப்போது உளவியலாளரைப் பார்ப்பதோடு, பங்குத்தந்தையிடமும் முன்கூட்டிச் சொல்லி வையுங்கள். ஒரே பாவத்தை மறுபடி மறுபடி சொல்ல வந்தால், "அது மன்னிக்கப்பட்டுவிட்டது, திரும்பச் சொல்ல வேண்டாம்" என்று அவர் ஒரே வாக்கியத்தில் நிறுத்த வேண்டும். உளவியலாளரும் குருவும் வீட்டில் நீங்களும் அதே வாக்கியத்தைச் சொன்னால்தான் சிகிச்சை பலன் தரும்.